விடை தப்பு, சரிபார்ப்பு சரி: மூன்றாம் வகுப்புக் கழித்தல் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

71 − 38 = 43. பக்கத்துச் சரிபார்ப்புக் கட்டத்தில் 43 + 38 = 71. அதன் கீழே பிள்ளை தன் கையாலேயே போட்டுக்கொண்ட ஒரு டிக்.

சரியான விடை 33. ஆக, கழித்தல் தப்பு. 43-ஐயும் 38-ஐயும் கூட்டினால் 81 வரவேண்டும். ஆக, கூட்டலும் தப்பு. தப்பைப் பிடிப்பதற்காக வைத்த கூட்டலே அந்தத் தப்புக்கு நற்சான்றிதழ் எழுதிக் கொடுத்திருக்கிறது. ஒரே ஒரு தாளில் இருந்திருந்தால் சிரித்துவிட்டு அடுத்ததைப் பார்த்திருப்பேன். அதே வகுப்பில் வேறு தாள்களிலும் இருந்தது. எண்கள்தான் வேறு, அச்சு ஒன்றே.

கழித்தலைக் கூட்டிச் சரிபார்க்கும்படி எல்லாப் பள்ளிகளிலும் சொல்லித் தருகிறோம். ஏழு, எட்டு வயதுப் பிள்ளை கையில் அது எப்போது வேலை செய்கிறது, எப்போது செய்வதில்லை, எதை மாற்றினால் செய்யத் தொடங்குகிறது என்பதை இந்த வகுப்பை வைத்துப் பார்க்கலாம்.

வகுப்பு

இடம் வடசென்னை, புளியந்தோப்புப் பக்கம். ஹவுசிங் போர்டு பிளாக் ஒன்றின் கீழ்த்தளத்தில் மாலை வேளையில் நடக்கும் வகுப்பு. நடத்துபவர் அதே பிளாக்கில் குடியிருக்கும் பட்டதாரிப் பெண். பிள்ளைகளுக்கு அவர் ‘அக்கா’. நான் பல ஆண்டுகள் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் கணக்கை மட்டும் பார்த்துக்கொள்ளும்படி அக்கா கேட்டதால் போய்வந்தேன். மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளும் உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளும் கலந்து உட்கார்ந்திருப்பார்கள். பெயர்களை எழுதப்போவதில்லை. இட்லிக்கடைப் பெண், ஆட்டோக்காரர் மகன், முன்வரிசைக்காரி என்று அடையாளம் வைத்துக்கொள்கிறேன்.

இவர்கள் கணக்கே தெரியாத பிள்ளைகள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-இல் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலிலிருந்து, 2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ என்ற மாநில அரசுத் திட்டம் வரை, இந்த ஊர்த் தொடக்கப்பள்ளிகளில் குச்சியும் மணியும் அட்டையும் வைத்துத்தான் எண் சொல்லித் தரப்படுகிறது. பத்துக் குச்சியை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினால் ஒரு பத்து என்பது இவர்கள் எல்லோருக்கும் தெரியும். இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் 99 வரை கழிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது 2021-இல் மத்திய அரசு தொடங்கிய நிபுண் பாரத் திட்டத்தின் இலக்கு. இவர்கள் அந்த இலக்கைத் தொட்டும் தொடாமலும் மூன்றாம் வகுப்புக்கு வந்தவர்கள்.

நாடளவில் நிலைமை இதைவிடத் தாழ்வு. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் ஏசர் ஆய்வில் பிள்ளைகளிடம் கேட்பது இதே வகைக் கணக்குதான்: கடன் வாங்கிக் கழிக்க வேண்டிய ஈரிலக்கக் கழித்தல். 2024 அறிக்கையின்படி மூன்றாம் வகுப்பில் அதைப் போடத் தெரிந்தவர்கள் 33.7 விழுக்காடு, 2022-இல் 25.9. அது கிராமப்புறங்களில் எடுக்கும் ஆய்வு என்பதால் சென்னைக்கு அந்த எண்ணை ஒட்டவைக்க முடியாது. ஆனால் பிள்ளைகள் இடறும் கல் எது என்பதில் ஊருக்கு ஊர் பெரிய வேறுபாடு இல்லை.

கூடிய பத்தும் குறைந்த பத்தும்

முதல் தாளுக்கே வருகிறேன். 1-லிருந்து 8 போகாது. பக்கத்து 7-இடமிருந்து ஒரு பத்து கடன் வாங்கி 11 ஆக்கியாயிற்று. 11-லிருந்து 8 போனால் 3. இதுவரை பழுதில்லை. 7-ஐ அடித்து 6 என்று எழுத வேண்டிய இடத்தில் பிள்ளை மறந்துவிட்டது. 7-லிருந்து 3 போக 4 என்று எழுதிவிட்டது. விடையில் ஒரு பத்து கூடிவிட்டது.

அடுத்தது சரிபார்ப்பு. 3-உம் 8-உம் 11. 1-ஐ எழுதிவிட்டு மிச்சமுள்ள ஒரு பத்தை மேலே போட வேண்டும். அங்கேயும் மறதி. 4-உம் 3-உம் 7. தொகையில் ஒரு பத்து குறைந்துவிட்டது.

கழித்தலில் கூடிய பத்தும் கூட்டலில் குறைந்த பத்தும் சரிக்குச் சரியாகப் போய்விட, 71 வந்து நிற்கிறது. எண்ணை மாற்றினாலும் இதுதான் நடக்கும். 63 − 28 = 45 என்று போட்ட பிள்ளை 45 + 28 = 63 என்று சரிபார்த்திருந்தது. 92 − 57 = 45 என்று போட்ட இன்னொரு பிள்ளை 45 + 57 = 92 என்று சரிபார்த்திருந்தது. இரண்டிலும் மெய்யான விடை 35. கடன் கொடுத்த பத்தைக் குறைக்க மறக்கும் பிள்ளை, ஏற வேண்டிய பத்தை ஏற்றவும் மறந்தால், எந்த எண்ணைக் கொடுத்தாலும் சரிபார்ப்பு பொருந்தியே தீரும். திருடனின் தம்பியையே சாட்சிக் கூண்டில் ஏற்றினால் வேறென்ன சொல்வான்?

நூறுகள் வந்தால் இன்னும் வேடிக்கை. 402 − 167. நடுவில் 0 இருப்பதால் கடன் 4-லிருந்து வரவேண்டும். பிள்ளை 0-வை 9 ஆக்கிவிட்டது, 4-ஐ 3 ஆக்கவில்லை. விடை 335. சரிபார்ப்பில் 5-உம் 7-உம் 12. 2 எழுதி 1 மேலே, அதைச் சரியாகவே போட்டது. 3-உம் 6-உம் மேலே போட்ட 1-உம் 10. 0 எழுதியது, அடுத்த 1-ஐ விட்டுவிட்டது. 3-உம் 1-உம் 4. வந்தது 402. மெய்யான விடை 235. பத்தைக் குறைக்கக் கற்றுக்கொண்டுவிட்ட பிள்ளையிடமும் நூறு என்று வரும்போது மறதி திரும்பி வருகிறது. இரண்டு பக்கமும் சேர்ந்தே வருகிறது.

மற்ற தாள்கள்

எல்லாத் தப்பும் இப்படிச் சரிபார்ப்பை ஏமாற்றுவதில்லை. தொடக்கப்பள்ளி ஆசிரியர் எல்லோரும் பார்த்திருக்கும் இன்னொரு தப்பு உண்டு: மேலே சின்ன எண், கீழே பெரிய எண் என்றால், கீழிருந்து மேலெண்ணைக் கழித்துவிடுவது. 71 − 38-இல் 8-லிருந்து 1 போக 7, 7-லிருந்து 3 போக 4, விடை 47. 1978-இல் அமெரிக்காவில் ஜான் சீலி பிரௌனும் ரிச்சர்ட் பர்ட்டனும் பிள்ளைகளின் கழித்தல் தப்புகளை வகைப்படுத்தியபோது இதுவும் அவர்கள் பட்டியலில் இருந்தது. அவர்கள் சொன்னதன் சாரம்: பிள்ளைகள் கண்டபடி தப்புச் செய்வதில்லை, தங்களுக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டு அதை ஒழுங்காகப் பின்பற்றித் தப்புச் செய்கிறார்கள். புளியந்தோப்புத் தாள்களைப் பார்த்தால் அதை மறுக்கத் தோன்றாது.

இந்த வகைத் தப்பைக் கூட்டல் பெரும்பாலும் பிடித்துவிடும். 47 + 38-ஐச் சரியாகக் கூட்டினால் 85. பத்தை ஏற்ற மறந்து கூட்டினாலும் 75. எப்படிப் பார்த்தாலும் 71 வராது. தப்பிக்கும் இடம் ஒன்றே ஒன்று: ஒன்றுகள் இடத்து இலக்கங்களுக்கிடையே வித்தியாசம் 5 ஆக இருக்கும்போது. 71 − 36-ஐ இந்தப் பிள்ளை 45 என்று போடும். பத்தை ஏற்றாமல் 45-உம் 36-உம் கூட்டினால் 71. பொருந்திவிடும். வினாத்தாள் எழுதுபவர்கள் இதைக் கவனித்து எண் தேர்ந்தெடுக்கிறார்களா என்று பழைய தாள்களைப் புரட்டிப் பார்த்தேன். அப்படிக் கவனித்ததற்கான தடயம் எதுவும் தெரியவில்லை. 52 − 27, 61 − 26 எல்லாம் தாராளமாகவே இருந்தன.

சிலர் சரிபார்ப்பதென்றால் கண்ணில் பட்ட இரண்டு எண்ணையும் கூட்டுவது என்று எடுத்துக்கொண்டு 71 + 38 = 109 என்று எழுதிவிட்டு, அதை என்ன செய்வதென்று தெரியாமல் விட்டிருந்தார்கள். சிலர் கூட்டவே இல்லை. விடையையும் கீழெண்ணையும் எழுதி, சமக்குறி போட்டு, மேலெண்ணைப் பார்த்து அப்படியே எழுதியிருந்தார்கள். இந்த இரண்டாம் வகைதான் அதிகம். அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என்ன வரவேண்டும் என்பது கண்முன்னே எழுதியிருக்கும்போது அதைக் கூட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஏழு வயதுப் பிள்ளைக்குத் தோன்ற என்ன காரணம் இருக்கிறது?

“வர வெச்சிடுவேன் டீச்சர்”

தாளைப் பார்த்து ஊகிப்பதைவிடக் கேட்டுவிடுவது நல்லது என்று ஒவ்வொருவரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசினேன். முதலில் முன்வரிசைக்காரி. கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். பத்தைக் குறைக்கவும் மறக்கமாட்டாள், ஏற்றவும் மறக்கமாட்டாள்.

“கூட்டினா மேல இருக்கற நம்பர்தான் வரணும்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?”

“ஸ்கூல்ல மிஸ் சொன்னாங்க டீச்சர்.”

“மிஸ் சொல்லலன்னா வராதா?”

கொஞ்ச நேரம் யோசித்தாள். “அப்பவும் வரும்.”

“ஏன்?”

பதில் இல்லை. கணக்கு சரியாகப் போடுகிறாள், சரிபார்ப்பும் சரி. ஆனால் அது அவளுக்கு இன்னொரு கணக்குதான். முதல் கணக்கோடு அதற்கு என்ன உறவு என்று தெரியவில்லை.

ஆட்டோக்காரர் மகனிடம், “கூட்டிப் பாத்து 71 வரலன்னா என்னடா பண்ணுவ?” என்றேன்.

“வர வெச்சிடுவேன் டீச்சர்.”

அவன் தாளில் 81 என்று எழுதி, அழித்து, அதன்மேல் 71 என்று எழுதிய தடம் இருந்தது. அவன் கூட்டல் சரி. கழித்தல்தான் தப்பு. சரிபார்ப்பு ஒழுங்காகக் கூவி எச்சரித்திருக்கிறது. எதைத் திருத்த வேண்டும் என்று தெரியாததால் எச்சரிக்கையையே திருத்திவிட்டான். பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்பதை நாம் அனேகமாகச் சொல்லித் தருவதே இல்லை. பாடத்தில் போட்டுக் காட்டும் எடுத்துக்காட்டு எப்போதும் பொருந்திவிடுகிறது.

செய்ததை மனத்தில் திருப்பிப் பார்க்கும் திறன் இந்த வயதையொட்டித்தான் உறுதிப்படுகிறது என்று குழந்தை உளவியலாளர் பியாஜே எழுதினார். அதை வைத்து, இன்னும் இரண்டு வருடம் போகட்டும், தானாக வரும் என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. இதே பிள்ளைகளிடம் ஏழு பத்து ரூபாய் நாணயத்தையும் ஒரு ஒரு ரூபாயையும் கொடுத்து, அதில் 38 ரூபாயை எனக்குக் கொடுக்கச் சொன்னேன். ஒரு பத்தைக் கொடுத்துச் சில்லறை மாற்றிக்கொண்டு 38 கொடுத்தார்கள். இப்போது நான் அதைத் திருப்பிக் கொடுத்தால் உன்னிடம் எவ்வளவு இருக்கும் என்று கேட்டேன். எண்ணிப் பார்க்காமலே 71 என்றார்கள். ஆட்டோக்காரர் மகன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். இதைப் போய்க் கேட்கிறாயே என்ற பார்வை அது. எடுத்ததைத் திருப்பி வைத்தால் பழையபடி ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியும். தாளில் எண்களைக் கட்டத்துக்குள் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் போடும் கட்டக் கூட்டல் அந்தத் திருப்பி வைத்தல்தான் என்பது மட்டும் தெரியாது.

(பத்து ரூபாய் நாணயம் செல்லும் என்று ரிசர்வ் வங்கி எத்தனை முறை சொன்னாலும் எங்கள் பக்கத்துக் கடைகளில் முகம் சுளிப்பார்கள். அதனால் வீட்டுக்கு வீடு டப்பாவில் சேர்ந்து கிடந்தது. எங்களுக்கு அது வசதியாகப் போயிற்று.)

நாணயத்தில் கடன் கொடுத்த பத்தைக் குறைக்க மறக்க வழியில்லை. கையைவிட்டுப் போன நாணயம் போனதுதான். தாளில் 7 அடிக்கப்படாமல் 7 ஆகவே உட்கார்ந்திருக்கும்.

இட்லிக்கடைக் கணக்கு

இட்லிக்கடைப் பெண்ணின் அம்மா தெருமுனையில் காலைக்கடை போடுகிறார். பள்ளிக்குப் போகுமுன் இவள்தான் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பாள். 62 ரூபாய்க்குச் சாப்பிட்டவர் நூறு கொடுத்தால், சில்லறையை ஒவ்வொன்றாக அவர் கையில் வைத்துக்கொண்டே சொல்வாள்: “அறுவத்தி மூணு, நாலு, அஞ்சு… எழுவது, எம்பது, தொண்ணூறு, நூறு.” தப்பே வராது. அதையே கட்டத்தில் 100 − 62 என்று எழுதிக் கொடுத்தேன். 48 என்றாள். சரிபார்ப்பில் 48 + 62 = 100.

தெருவில் வரும் கணக்கு தாளில் வராது என்பது புதிய செய்தி இல்லை. பிரேசிலின் ரெசிஃபி நகரில் தெருவில் விற்கும் சிறுவர்களிடம் ஆய்வாளர்கள் கராஹெரும் ஷ்லீமனும் இதைக் கண்டு 1985-இல் எழுதினார்கள். 2025-இல் பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ குழுவினர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் அதையே கண்டார்கள். பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகளுக்குச் சந்தைக் கணக்கு வருவதில்லை என்பதையும் சேர்த்தே கண்டார்கள். எனக்குப் பயன்பட்டது வேறொன்று. அவள் கடையில் செய்வது கழித்தலே இல்லை. கீழெண்ணிலிருந்து மேலெண் வரை கூட்டிக்கொண்டே போகிறாள். அந்தப் பாதையில் கடன் வாங்குவதும் இல்லை, மேலே ஏற்றுவதும் இல்லை. ஆகவே மறக்க அங்கே ஒன்றும் இல்லை.

யோசித்துப் பார்த்தால் எல்லாப் பிள்ளையும் சின்ன எண்ணில் இதைத்தான் செய்கிறது. 12-லிருந்து 7 போனால் எவ்வளவு என்று கேளுங்கள். “மனசுல ஏழு” என்று நெஞ்சில் கை வைத்துவிட்டு, எட்டு, ஒம்பது, பத்து, பதினொண்ணு, பன்னெண்டு என்று விரல் மடக்கி, ஐந்து என்று சொல்லும். கூட்டிக் கழிக்கும் பிள்ளைக்குக் கூட்டிச் சரிபார்ப்பது அந்நியமாகிப்போனது ஈரிலக்கம் வந்து கட்டம் போட்டபிறகுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இட்லிக்கடைப் பெண்ணைப் போன்றவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஜிபே வந்தபின் கடையில் பெட்டி பேசுகிறது, பணம் வந்துவிட்டது என்று. சில்லறை எண்ணிக் கொடுப்பதைப் பார்க்கும் வாய்ப்பே இன்றைய பிள்ளைகளில் பலருக்கு இல்லை. அதனால் அவளைத் தவிர மற்றவர்களுக்கு இதை வகுப்பில்தான் காட்ட வேண்டியிருந்தது.

சரிபார்ப்புக்குக் கட்டம் கிடையாது

செய்த மாற்றம் ஒன்றுதான். கழித்தலைக் கட்டத்தில் போடு, ஆனால் சரிபார்ப்பைக் கட்டத்தில் போடாதே. கோட்டில் தாவு.

வராந்தாத் தரையில் சாக்பீஸால் நீளமாக ஒரு கோடு. அதில் எண்கள் குறிக்கவில்லை. நெதர்லாந்துப் பள்ளிகளில் புழங்கும் வெற்று எண்கோடுதான் இது. தேவையான எண்ணைத் தேவையான இடத்தில் பிள்ளையே போட்டுக்கொள்ளும். இடது ஓரத்தில் கீழெண் 38. வலது ஓரத்தில் மேலெண் 71. இப்போது உன் விடை 43 இல்லையா? 38-லிருந்து 43 தாவு, 71-இல் போய் நிற்கிறாயா பார்.

இட்லிக்கடைப் பெண் தாவினாள். “முப்பத்தி எட்டு. நாப்பத்தி எட்டு, அம்பத்தி எட்டு, அறுவத்தி எட்டு, எழுவத்தி எட்டு… ஐயோ டீச்சர், தாண்டிடுச்சு!”

அந்த ‘தாண்டிடுச்சு’தான் எனக்கு வேண்டியிருந்தது. கட்டத்தில் 71-உம் 81-உம் வெறும் இரண்டு எண்கள். கோட்டில் ஒன்று இன்னொன்றைத் தாண்டி நிற்கிறது. எவ்வளவு தாண்டியது என்று கேட்டால் பத்து என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பத்து எங்கிருந்து வந்தது என்று கேட்டால் தாளை எடுத்து 7-ஐப் பார்க்கிறார்கள். அதை அடித்து 6 ஆக்குகிறார்கள். பல பிள்ளைகளிடம் நான் அதற்குமேல் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கோடு வேலை செய்வதன் காரணம் அது எளிது என்பதால் இல்லை. சிலருக்கு அது கட்டத்தைவிடக் கடினமாகவே இருந்தது. கழித்தல் போன வழி ஒன்று, சரிபார்ப்பு போகும் வழி வேறு. முதல் வழியில் செய்த மறதிக்கு இரண்டாம் வழியில் இடமே இல்லை. அதுதான் காரணம். இதை வைத்து அடுத்த கேள்வியும் வந்தது. இட்லிக்கடைப் பெண் சீக்கிரமே கட்டத்தை விட்டுவிட்டு விடையையே கோட்டில் தாவிக் கண்டுபிடிக்கத் தொடங்கிவிட்டாள்: 38-லிருந்து 40-க்கு 2, 40-லிருந்து 70-க்கு 30, இன்னும் 1, மொத்தம் 33. நல்லது. ஆனால் அவளையும் மறுபடி கோட்டில் தாவிச் சரிபார்க்கச் சொன்னால், தாவலைத் தப்பாக எண்ணியிருந்தால் அதே தப்பை மறுபடி எண்ணுவாள். அதனால் அவளுக்கு மட்டும் தலைகீழ்: சரிபார்ப்பைக் கட்டத்தில் போடு, அல்லது நாணயம் எடு. அக்காவுக்கு இது முதலில் குழப்பமாக இருந்தது. “எல்லாருக்கும் ஒரே மாதிரி சொன்னாத்தான டீச்சர் பசங்களுக்குப் புரியும்?” என்றார். ஒரே மாதிரிதான், எந்த வழியில் போட்டாயோ அந்த வழியில் சரிபார்க்காதே என்றேன். அதை அப்படியே கரும்பலகை மூலையில் எழுதிவைத்தார்.

தோராயமாகப் பார்க்கும் வழியையும் முயன்றோம். 71 என்றால் 70, 38 என்றால் 40, விடை 30 பக்கம் வரணும். பெரியவர்களுக்கு இது கைவந்த வழி. பிள்ளைகளிடம் எடுபடவில்லை. 43-உம் 30-க்குப் பக்கம்தான் என்று சொல்லிவிட்டார்கள். பத்து வித்தியாசத்தைப் பெரிது என்று உணர இவர்களுக்கு இன்னும் கொஞ்ச காலம் ஆகும். அதை அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

திருத்தும் வேலை

ஆட்டோக்காரர் மகன் போன்றவர்களுக்குக் கோடு மட்டும் போதவில்லை. பொருந்தாதபோது சரிபார்ப்பை அழிக்கும் பழக்கம் கோட்டிலும் தொடர்ந்தது. 71-ஐத் தாண்டியதும் தாவலைக் குறைத்து 71-இல் நிறுத்திவிடுவான். அவன் கணக்கை அவனே சோதிப்பதில் தோற்பவனும் அவன்தான். ஆகவே வேறொருவர் கணக்கைக் கொடுத்தோம். அக்கா உட்கார்ந்து, பொய்யாக ஒரு மாணவன் போட்டது போல் ஒரு தாள் தயாரித்தார். சில கணக்கு சரி, சில கணக்கு மேலே சொன்ன வகைத் தப்புகள், ஒன்றிரண்டில் சரிபார்ப்பு பொருந்துவது போலவே இருக்கும். ஆளுக்கொரு சிவப்புப் பேனா.

இது எதிர்பார்த்ததைவிட நன்றாகப் போயிற்று. தன் தாளில் அழிப்பவன் அடுத்தவன் தாளில் சுழி போட்டான். தப்பு கழித்தலிலா கூட்டலிலா என்று பக்கத்தில் எழுத வேண்டும் என்று வைத்தோம். 63 − 28 = 45, 45 + 28 = 63 என்றிருந்ததைப் பார்த்துவிட்டு ஆட்டோக்காரர் மகன் நீண்ட நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தான். பிறகு கோடு போட்டுத் தாவினான். “டீச்சர், இவன் ரெண்டுலயும் வுட்டுட்டான்!” என்று கத்தினான். அவன் குரலில் இருந்த மகிழ்ச்சியைப் பார்த்து, இந்த வேலையை முன்பே கொடுத்திருக்கலாமே என்று அக்கா சொன்னார்.

அழிரப்பரையும் அந்த வாரங்களில் பையிலேயே வைக்கச் சொன்னோம். பொருந்தாத சரிபார்ப்பை அழிக்கக்கூடாது, பக்கத்தில் இன்னொரு முறை போடலாம். தாள் அசிங்கமாகிவிட்டது என்று முன்வரிசைக்காரிக்கு மட்டும் வருத்தம்.

கதைக்கணக்கில் ஒரு சின்னச் சிக்கல் எழுந்தது. எடுத்துக்கொடுக்கும் கதைகளில் திருப்பி வைப்பது எளிதாகப் புரிந்தது. ஒப்பிடும் கதைகளில் புரியவில்லை. அண்ணனிடம் 71 கோலி, தம்பியிடம் 38, அண்ணனிடம் எவ்வளவு அதிகம்? 33. இதில் எதைத் திருப்பி வைப்பது? யாரும் யாரிடமிருந்தும் எதையும் எடுக்கவில்லையே. கேள்வியை மாற்றிப் பார்த்தோம்: தம்பிக்கு இன்னும் 33 கோலி கிடைத்தால் அண்ணனுக்குச் சமமாக வருவானா? கோட்டில் அது அதே தாவல்தான். கட்டத்தைவிடக் கோடு இங்கேதான் கூடுதலாகக் கைகொடுத்தது.

எங்கே நிற்கிறது

பத்தைக் குறைக்க மறப்பது குறைந்திருக்கிறது, நின்றுவிடவில்லை. மறந்தாலும் கோட்டில் தெரிந்துவிடுகிறது என்பதுதான் மாற்றம். நூறுகளில், முக்கியமாக நடுவில் 0 வரும் கணக்குகளில், கோடு நீண்டுபோய்ப் பிள்ளைகள் வழி தவறுகிறார்கள். 167-லிருந்து 170-க்கு 3, 200-க்கு 30, 400-க்கு 200, இன்னும் 2 என்று நாலே தாவலில் போகத் தெரிந்தவர்கள் சிலர்தான். மற்றவர்கள் பத்துப் பத்தாகத் தாவிக் களைத்துவிடுகிறார்கள். அவர்களை நாணயத்தோடும் நூறு ரூபாய் விளையாட்டுத் தாளோடும் வைத்திருக்கிறோம்.

முன்வரிசைக்காரிக்குக் கோடு பிடிக்கவே இல்லை. “நான் நேராவே கரெக்டாப் போடறேனே டீச்சர், எதுக்கு இது?” என்றாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பத்தை இரண்டு பக்கமும் மறக்காத பிள்ளைக்குக் கட்டக் கூட்டல் நேர்மையான சரிபார்ப்புதான். 43 என்று எப்போதாவது தவறிப் போட்டாலும் 81 வந்து காட்டிக்கொடுத்துவிடும். அவளை விட்டுவிட்டோம்.

பெற்றோர் தரப்பில் ஒரே கேள்வி. “பரீட்சையில இதுக்கு மார்க் குடுப்பாங்களா?” என்று ஆட்டோக்காரர் நேராகவே கேட்டார். கொடுக்கமாட்டார்கள். பள்ளித் தாளில் சரிபார்ப்புக் கட்டம் ஒன்று இருக்கும், அதில் கட்டக் கூட்டலைத்தான் எதிர்பார்ப்பார்கள். ஆகவே கோட்டைத் தாளின் ஓரத்தில் பென்சிலால் போட்டுவிட்டு, சரியென்று தெரிந்தபின் கட்டத்தை நிரப்பச் சொல்லியிருக்கிறோம். இரட்டை வேலைதான். பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, நாற்பது பிள்ளை இருக்கும் வகுப்பில் தரையில் கோடு போட இடம் எங்கே என்று கேட்டார். நோட்டிலேயே போடலாம். ஆனால் தாண்டிவிட்டதைக் காலால் உணர்வதற்கும் பென்சிலால் உணர்வதற்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது.

அக்கா இப்போது தானே வினாத்தாள் எழுதும்போது எண்களைப் பொறுக்கி எடுக்கிறார். பிள்ளை எந்த வகைத் தப்புச் செய்கிறது என்று தெரிய வேண்டிய தாளில், ஒன்றுகள் இடத்து வித்தியாசம் 5 வரும் கணக்குகளைத் தவிர்க்கிறார். 52 − 27 போட்டால் கடன் வாங்க மறுத்த பிள்ளையும் 35 என்று எழுதும், கடன் வாங்கிக் குறைக்க மறந்த பிள்ளையும் 35 என்று எழுதும். யார் எங்கே இடறினார் என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. 52 − 28 என்றால் முதல் பிள்ளை 36 எழுதும், இரண்டாம் பிள்ளை 34 எழுதும், சரியாகப் போட்டவர் 24 எழுதுவார். சிவப்புப் பேனாத் தாளுக்கு மட்டும் அந்த ஐந்து வித்தியாசக் கணக்குகளைத் தேடித் தேடிப் போடுகிறார்.

ஜூனில் இவர்கள் நான்காம் வகுப்பு. பெருக்கி, மீதியைக் கூட்டி, வகுத்தலைச் சரிபார்க்கும் கட்டம் இவர்களுக்கு முன்னால் இருக்கிறது. மீதியைக் கூட்டாமல் விடப்போகிறவர்கள் யார் யார் என்று அக்கா இப்போதே ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறார். ஆட்டோக்காரர் மகன் பெயர் அதில் இரண்டாவதாக இருக்கிறது.